49.8 வினாடி: ஜான் டெய்லர் ஓடிய ஓட்டமும் ஓட மறுத்த ஓட்டமும்

1908 ஜூலை 25, சனிக்கிழமை. லண்டன் ஒயிட் சிட்டி ஸ்டேடியத்தில் ஒலிம்பிக் 400 மீட்டர் இறுதி ஓட்டம். கரிப்பொடி பரப்பிய ஓடுபாதையில் கயிறு கட்டித் தடம் பிரித்திருக்கிறார்கள். ஆனால் தொடக்கக் கோட்டில் நிற்பவர் ஒரே ஒருவர்தான், பிரிட்டிஷ் ராணுவ லெப்டினன்ட் விண்டம் ஹால்ஸ்வெல். துப்பாக்கி வெடிக்கிறது. அவர் தனியாக ஓடி, தனியாக முடிக்கிறார். நேரம் 50.0 வினாடி. தங்கம் அவருக்கு. வெள்ளியும் வெண்கலமும் யாருக்கும் இல்லை.

அதே நாள், அதே ஓடுபாதை. இப்போது ரிலே இறுதி. அமெரிக்க அணியில் மூன்றாவது ஆளாக 400 மீட்டர் ஓடுகிறார் ஒரு கறுப்பின இளைஞர். அவருடைய பங்கின் நேரம் 49.8 வினாடி. அணி தங்கம் வெல்கிறது. ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் என்று ஜான் பாக்ஸ்டர் டெய்லர் பெயர் பதிவாகிறது.

ஹால்ஸ்வெல் தனியாக ஓடிய அந்த இறுதி ஓட்டத்தில் டெய்லரும் ஓடியிருக்க வேண்டியவர். ஓடவில்லை, மறுத்துவிட்டார்.

இரண்டு நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பாருங்கள், டெய்லர்தான் வேகமானவர்" என்று சொல்லிவிட ஆசை வரும். அப்படிச் சொல்ல முடியாது. எதிராளியே இல்லாமல் ஓடுகிறவர் உயிரைக் கொடுத்து ஓட வேண்டிய தேவை இல்லை. அதே ஒலிம்பிக்கின் அரையிறுதிச் சுற்றில் ஹால்ஸ்வெல் 48.4 வினாடியில் ஓடியிருந்தார், அது அன்றைய ஒலிம்பிக் சாதனை. டெய்லரின் அரையிறுதி நேரமும் 49.8தான். நேருக்கு நேர் மோதியிருந்தால் ஹால்ஸ்வெல் ஜெயித்திருக்கவே வாய்ப்பு அதிகம். என்னைப் பிடித்து நிறுத்துவது வேறு ஒரு கணக்கு, அதற்குப் பிறகு வருகிறேன்.

டெய்லர் பிறந்தது 1882 நவம்பர் 3, வாஷிங்டனில். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். அப்புறம் குடும்பம் பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தது. 1900-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அந்த நகரத்தில் ஏறத்தாழ 62,000 கறுப்பின மக்கள் இருந்தார்கள். வட மாநில நகரங்களில் அதுதான் பெரிய எண்ணிக்கை. தெற்கில் இருந்ததுபோல எழுதிவைத்த பிரிவினைச் சட்டங்கள் பிலடெல்பியாவில் இல்லை. ஆனால் எந்த வேலைக்கு எடுப்பார்கள், எந்தத் தெருவில் வீடு கிடைக்கும் என்பதெல்லாம் எழுதாமலேயே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சமூகவியலாளர் டு போய்ஸ் இந்த நகரத்தின் கறுப்பின மக்களை வீடு வீடாகப் போய் ஆராய்ந்து 1899-ல் வெளியிட்டார். அந்த ஆய்வுக்கு அவரை அழைத்தது பென்சில்வேனியா பல்கலைக்கழகம். ஆனால் வகுப்பில் பாடம் நடத்தும் வேலையை மட்டும் அவருக்குக் கொடுக்கவில்லை. நான்கைந்து வருடம் கழித்து டெய்லர் மாணவராக நுழைந்ததும் இதே பல்கலைக்கழகத்தில்தான்.

அதற்கு முன் சென்ட்ரல் ஹை ஸ்கூல் படிப்பை 1902-ல் முடித்தார். பிறகு ஒரு வருடம் பிரவுன் பிரிபரேட்டரி பள்ளி. பல்கலைக்கழகத்தில் முதலில் வார்ட்டனில், அதாவது வணிகப் படிப்பில் சேர்ந்து, அப்புறம் கால்நடை மருத்துவத்துக்கு மாறினார். அந்த மாற்றம் விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் காலத்தை நினைத்துப் பாருங்கள். பால் வண்டி, ஐஸ் வண்டி, தீயணைப்பு வண்டி என்று நகரமே குதிரையின் முதுகில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மாட்டு வைத்தியர் என்று நம் ஊரில் சொல்வதைவிட அங்கே குதிரை வைத்தியர் என்றால் பொருத்தம். நல்ல வருமானம் வரக்கூடிய தொழில். அதில் கறுப்பினத்தவர் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தார்கள். 1908-ல் அவர் பட்டம் பெற்றார், ஒலிம்பிக் போன அதே ஆண்டில்.

ஓட்டத்தில் அவருடைய இடம் கால் மைல். 440 கஜம், மீட்டரில் சொன்னால் 402 மீட்டரும் கொஞ்சமும். இன்று 400 மீட்டரை ஸ்பிரிண்ட் வகையில் சேர்க்கிறோம். அன்றைக்கு அது ஸ்பிரிண்டா, நடுத்தர ஓட்டமா என்ற விவாதம் முடிந்திருக்கவில்லை. முதல் நூறு மீட்டரைப் பறந்து போய்விட்டு, நடுவில் கொஞ்சம் மூச்சைச் சேமித்து, கடைசியில் மிச்சமிருப்பதைக் கொட்டுவதுதான் வழக்கம். கடைசி ஐம்பது மீட்டரில் கால் கல்லாகிவிடும். ஓடிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

தடம் பிரிக்காமல் ஓடும் கால் மைலில் இன்னொரு சங்கதி உண்டு. இந்தக் கதைக்கு அது முக்கியம் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். எல்லாரும் ஒரே பாதையில் உள்விளிம்பை நோக்கித்தான் பாய்வார்கள். ஏனென்றால் ஓர் அரைவட்ட வளைவில் ஒரு மீட்டர் தள்ளி வெளியே ஓடினால், சுமார் மூன்று மீட்டர் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும். ஆகவே முன்னால் போகிறவரைத் தாண்ட வேண்டுமானால், அந்தக் கூடுதல் தூரத்தைக் காலால் செலுத்தித்தான் ஆக வேண்டும். முன்னால் போகிறவர் லேசாக வெளியே விலகினால், தாண்ட வருகிறவர் இன்னும் வெளியே போக வேண்டிவரும். கை வைக்காமலேயே ஒருவரைத் தோற்கடிக்கலாம். இது தந்திரமா, ஏமாற்றா? அட்லாண்டிக்கின் இந்தக் கரையில் ஒரு பதில், அந்தக் கரையில் வேறு பதில்.

சரி, டெய்லருக்கு வருவோம். கிழக்குக் கரைக் கல்லூரிகளின் சாம்பியன்ஷிப்பில் 1904-ல் 440 கஜத்தை 49.2 வினாடியில் ஓடி வென்றார். 1905, 1906 இரண்டு வருடமும் பட்டம் அவர் கையில் இல்லை. 1907-ல் திரும்பி வந்து 48.8 வினாடியில் மறுபடி வென்றார், 1908-லும் வென்றார். நாடு தழுவிய அமெச்சூர் பட்டமும், அதாவது பணத்துக்காக ஓடாதவர்களுக்கான பட்டமும், 1907-ல் கிடைத்தது. அந்தத் தூரத்தில் அன்றைய உலகச் சாதனை மேக்ஸி லாங் 1900-ல் ஓடிய 47.8. ஸ்பைக் குத்திப் பெயரும் கரிப்பாதை, மடக்கு ஸ்டார்ட்டிங் பிளாக் கண்டுபிடிக்கப்படாத காலம், குனிந்து கிளம்புகிறவர் கையில் ஒரு சின்னக் கரண்டியை எடுத்துவந்து தரையில் குழி தோண்டிக் காலை ஊன்ற வேண்டும். அப்படிப்பட்ட ஓடுபாதையில் 48.8 என்பது லேசுப்பட்ட நேரம் இல்லை.

பயிற்சியாளர் மைக் மர்ஃபி. அந்தக் காலத்து அமெரிக்கத் தடகளத்தில் இவரைவிடப் பெரிய பயிற்சியாளர் கிடையாது என்றே சொல்லலாம். 1908 ஒலிம்பிக் அணியைத் தயார்ப்படுத்தியவரும் அவர்தான். கல்லூரிக்கு வெளியே டெய்லர் ஓடியது ஐரிஷ் அமெரிக்கன் அத்லெட்டிக் கிளப் சட்டையில். நியூயார்க்கில் அன்று கிளப்பில் சேர்வதற்குப் பணமும் வேகமும் இருந்தால் போதாது, இனமும் மதமும் சரியாக இருக்க வேண்டும். பெரிய பணக்காரக் கிளப்புகளின் கதவு கறுப்பினத்தவருக்கும் யூதர்களுக்கும் மூடியே கிடந்தது. அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளிகள் நடத்திய இந்தக் கிளப் அந்தக் கதவைத் திறந்து வைத்தது. இறக்கை முளைத்த ஒரு முஷ்டிதான் அவர்களின் சின்னம். அதை மார்பில் அணிந்துகொண்டு ஓடிய கறுப்பின வீரர்களில் டெய்லர் பெயர்தான் பெரியது.

லண்டன் ஒலிம்பிக் தொடங்கும்போதே பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே புகைந்துகொண்டிருந்தது. தொடக்க நாளில் கொடி விவகாரம், கயிறு இழுத்தல் போட்டியில் பிரிட்டிஷ் போலீஸ்காரர்கள் போட்டுவந்த கனத்த பூட்ஸ் பற்றிய புகார், இப்படி ஒன்று மாற்றி ஒன்று. நடுவர்கள் அத்தனை பேரும் பிரிட்டிஷ்காரர்கள். அமெரிக்க அணியின் தலைமை ஜேம்ஸ் சல்லிவன் கையில். அமெரிக்க அமெச்சூர் தடகளம் அவர் சொல்படி நடந்த காலம் அது. யார் ஓடலாம், யாருடைய அமெச்சூர் தகுதி பறிபோகும் என்பதெல்லாம் அவர் அமைப்பின் முடிவு. 1904-ல் செயின்ட் லூயி கண்காட்சியில் 'மானிடவியல் நாட்கள்' என்ற பெயரில் பழங்குடி மக்களைத் திடீரென்று ஓடவிட்டு, குண்டு எறியவிட்டு, "பாருங்கள், இவர்களால் முடியவில்லை" என்று முடிவு கட்டிய வெட்கக்கேட்டை ஏற்பாடு செய்தவர்களில் அவரும் ஒருவர். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒயிட் சிட்டி ஓடுபாதையில் மூன்று சுற்று ஓடினால் ஒரு மைல். அதாவது ஒரு சுற்று 536 மீட்டருக்கும் மேல். ஆகவே 400 மீட்டர் ஓட்டம் ஒரு முழுச் சுற்றுகூட வராது. ஓடுபாதைக்கு வெளியே சைக்கிள் பாதை, உள்ளே புல்வெளியில் 100 மீட்டர் நீளத்துக்கு நீச்சல் தொட்டி. எல்லாம் ஒரே இடத்தில்.

400 மீட்டர் இறுதிக்கு வந்தவர்கள் நால்வர். அதில் மூவர் அமெரிக்கர்: கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜான் கார்பென்டர், வில்லியம் ராபின்ஸ், டெய்லர். நான்காமவர் ஹால்ஸ்வெல். மூன்று பேர் சேர்ந்து ஒருவரை மடக்கிவிடுவார்கள் என்று பிரிட்டிஷ் நடுவர்களுக்கு முன்கூட்டியே சந்தேகம். ஓடுபாதை நெடுகிலும் இருபது கஜத்துக்கு ஒரு ஆள் என்று நிறுத்திவைத்தார்கள். சந்தேகத்தோடு நிற்கிறவர் கண்ணுக்கு எது படும் என்று தெரியும்தானே.

ஜூலை 23. ஓட்டம் தொடங்கியது. ராபின்ஸ் முன்னால் பாய்ந்தார். கடைசி வளைவு முடிந்து நேர்ப்பாதைக்குத் திரும்பும்போது கார்பென்டர் முன்னேறினார். ஹால்ஸ்வெல் வெளிப்பக்கமாக அவரைத் தாண்ட முயன்றார். கார்பென்டர் வெளியே விலகிக்கொண்டே போனார், வலது முழங்கை வெளியே நீட்டியபடி. பாதையின் வெளி விளிம்பிலிருந்து சுமார் 18 அங்குலம் வரை ஹால்ஸ்வெல் ஒதுக்கப்பட்டார் என்று நடுவர்கள் பிறகு சாட்சி சொன்னார்கள். பக்கத்தில் நின்றவர்கள் "ஃபவுல்" என்று கத்தினார்கள். ஓட்டம் முடிவதற்குள்ளேயே முடிவுக் கோட்டில் கட்டியிருந்த நாடாவை ஒரு நடுவர் அறுத்துவிட்டார். கார்பென்டர் முதலில் கோட்டைக் கடந்தபோது அறுப்பதற்கு நாடா இல்லை.

டெய்லர்? அவர் பின்தங்கி வந்துகொண்டிருந்தார். யாரையும் இடிக்கவில்லை, யார் வழியையும் மறிக்கவில்லை. ஒரு நடுவர் அவரைப் பிடித்து ஓடுபாதையிலிருந்து வெளியே இழுத்துவிட்டார். ஓட்டத்தை அவர் முடிக்கவே இல்லை.

அப்புறம் அரை மணி நேரத்துக்கும் மேலே கூச்சல். விசாரணை நடந்தது. கார்பென்டர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். மற்ற மூவரும் சனிக்கிழமை மறுபடி ஓட வேண்டும், இந்தத் தடவை கயிறு கட்டிய தடங்களில், என்று தீர்ப்பு. பிரிட்டிஷ் விதிப்படி வேண்டுமென்றே ஒருவருடைய வழியை மறித்தால் வெளியேற்றம்தான். அமெரிக்கப் பந்தயங்களில் உடம்போடு உடம்பு மோதாதவரை இதை அவ்வளவு கடுமையாகப் பார்ப்பதில்லை. ஹால்ஸ்வெல்லே பிறகு பத்திரிகைக்கு எழுதியபோது, கார்பென்டர் தன்னை ஓங்கி இடிக்கவில்லை, மார்பில் காயம் எதுவும் இல்லை, ஆனால் தாண்டவிடாமல் முழங்கையால் தடுத்தார் என்று நிதானமாகத்தான் சொன்னார். என்னைக் கேட்டால், கார்பென்டர் செய்தது மறிப்புதான். ஆனால் ஓட்டம் முடியுமுன் நாடாவை அறுத்ததும், சம்பந்தமே இல்லாத ஒருவரைப் பிடித்து இழுத்ததும் நடுவர்களின் பதற்றம்.

அமெரிக்க அதிகாரிகள் தீர்ப்பை ஏற்கவில்லை. கார்பென்டர் ஓடாவிட்டால் எங்கள் ஆட்கள் யாரும் ஓடமாட்டார்கள் என்றார்கள். ராபின்ஸும் டெய்லரும் சனிக்கிழமை வரவில்லை.

முன்பு சொன்ன கணக்கு இதுதான். கார்பென்டர் போன பிறகு மிச்சம் மூன்று பேர். பதக்கம் மூன்று. டெய்லர் மெதுவாக ஓடிக் கடைசியில் வந்திருந்தால்கூட தனிநபர் 400 மீட்டரில் ஓர் ஒலிம்பிக் பதக்கம் அவருக்கு உறுதி. தொடக்கக் கோட்டுக்கு வந்து நின்று, முடிவுக் கோட்டைத் தொட்டிருந்தால் போதும். விட்டுக்கொடுத்தார் அல்லது விட்டுக்கொடுக்க வைக்கப்பட்டார்.

இந்தச் சண்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதை ஹால்ஸ்வெல்-கார்பென்டர் கதையாக, அல்லது பிரிட்டன்-அமெரிக்கா கதையாகச் சொல்கிறார்கள். ராபின்ஸும் டெய்லரும் "மற்ற இருவர்" ஆகிவிடுகிறார்கள். அணி ஒற்றுமை என்பது நல்ல வார்த்தைதான். ஆனால் அதற்கு ஒவ்வொருவரும் கொடுக்கும் விலை ஒன்றாக இருப்பதில்லை. ராபின்ஸ் ஒரு பதக்கத்தை இழந்தார். டெய்லர் இழந்தது பதக்கத்தோடு, நாட்டின் கறுப்பினச் செய்தித்தாள்கள் முதல் பக்கத்தில் போட்டிருக்கக்கூடிய ஒரு செய்தியையும். அதிகாரிகள் சொன்னதை மறுத்து அவர் ஓடியிருக்க முடியுமா? சட்டப்படி முடியும். சல்லிவனின் சொல்லை மீறி, வெள்ளை அணித்தோழனுக்கு எதிரான பிரிட்டிஷ் தீர்ப்பை ஏற்று ஓடிய ஒரு கறுப்பின வீரர் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கும்போது என்ன வரவேற்பு கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், அந்தச் சுதந்திரம் எவ்வளவு சிறியது என்று புரியும். அவர் மனசார கார்பென்டர் பக்கம் நின்றிருக்கவும் கூடும். அதையும் மறுக்க முடியாது.

இடையில் வெள்ளிக்கிழமை மாரத்தான். இத்தாலியின் டொராண்டோ பியெத்ரி கடைசிச் சுற்றில் விழுந்து விழுந்து எழுந்து, அதிகாரிகள் கைத்தாங்கலாக முடித்து, அப்புறம் தகுதி இழந்த புகழ்பெற்ற ஓட்டம் அதுதான். தங்கம் கிடைத்த ஜானி ஹேய்ஸ் டெய்லரின் கிளப்காரர். உலகமே பியெத்ரிக்காக அழுதுகொண்டிருந்த அந்தப் பரபரப்பில் மறுநாள் நடந்த ரிலே பெரிய செய்தியாக வரவில்லை.

ஆனால் ஒலிம்பிக் தடகளத்தில் ரிலே நடந்தது அதுவே முதல் முறை. இன்றைய 4x400 மாதிரி இல்லை. முதல் இருவர் ஆளுக்கு 200 மீட்டர், மூன்றாமவர் 400, கடைசி ஆள் 800. மொத்தம் 1600 மீட்டர். கைமாற்றிக் கொடுக்கும் குச்சியான பேட்டன் கிடையாது. வருகிறவர் காத்திருப்பவர் கையைத் தொட்டால் அவர் கிளம்பலாம். டெய்லருக்கு இது பழகிய விளையாட்டு. அவருடைய பல்கலைக்கழகம்தான் 1895 முதல் பிலடெல்பியாவில் ஃபிராங்க்ளின் ஃபீல்டில் ரிலே திருவிழா நடத்திவருகிறது. ரிலேயின் தாய்வீடு என்றால் அதுதான்.

அமெரிக்க அணியில் முதலில் வில்லியம் ஹாமில்டன், 22.0 வினாடி. அடுத்தது நேட் கார்ட்மெல், 22.2. இவரும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்காரர், டெய்லரோடு ஒரே மைதானத்தில் மர்ஃபியிடம் பயிற்சி எடுத்தவர். கார்ட்மெல் கையைத் தொட, டெய்லர் கிளம்பினார். 49.8. அவர் தொட்டது மெல் ஷெப்பர்டின் கையை. ஷெப்பர்ட் அந்த ஒலிம்பிக்கில் ஏற்கெனவே 800, 1500 இரண்டிலும் தங்கம் வென்றவர், டெய்லரின் கிளப் தோழரும்கூட. அவர் கையில் முன்னிலை கிடைத்துவிட்டால் பிடிப்பது நடக்கிற காரியமில்லை. 1 நிமிடம் 55.4 வினாடியில் முடித்தார். மொத்தம் 3 நிமிடம் 29.4 வினாடி. மூன்று வினாடி பின்னால் ஜெர்மனி, அதற்கு நூலிழையில் ஹங்கேரி.

இந்த அணியின் அமைப்பைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் 1880-களிலேயே கறுப்பின ஆட்டக்காரர்களை வெளியே தள்ளிவிட்டது. "பிரித்துவைத்தால் தப்பில்லை, வசதி சமமாக இருந்தால் போதும்" என்று உச்ச நீதிமன்றம் 1896-ல் தீர்ப்பே எழுதியிருந்தது. அந்த நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மூன்று வெள்ளையரும் ஒரு கறுப்பரும் ஒருவர் கையை ஒருவர் தொட்டு ஓடினார்கள். தொடாமல் அந்த ஓட்டத்தை ஓட முடியாது.

அணி நாடு திரும்பியது. ஆகஸ்ட் கடைசியில் நியூயார்க்கில் ஊர்வலம். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஆய்ஸ்டர் பேயில் இருந்த தன் வீட்டில் அணியை வரவேற்றார். டெய்லர் கையில் இப்போது கால்நடை மருத்துவப் பட்டமும் ஒலிம்பிக் தங்கமும். இருபத்தைந்து வயது. இந்தக் கட்டத்தில் ஒரு வாழ்க்கைக் குறிப்பு இரண்டாம் பாகத்துக்குத் தயாராகும்.

இரண்டாம் பாகம் இல்லை. 1908 டிசம்பர் 2 அன்று பிலடெல்பியாவில் டைஃபாய்டும் அதோடு வந்த நிமோனியாவும் அவரைக் கொண்டுபோயின. இருபத்தாறாவது பிறந்தநாள் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ரிலே ஓடி 130 நாள். பிலடெல்பியாவில் டைஃபாய்டு அப்போது வருடா வருடம் வருகிற விருந்தாளி. நகரம் ஆற்றுத் தண்ணீரைக் குடித்தது, அதே ஆறுகளில்தான் கழிவும் கலந்தது. வடிகட்டி அனுப்பும் நிலையங்களை ஒவ்வொரு பகுதியாகக் கட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஆன்டிபயாடிக் வருவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன. கால் மைலை 48.8-ல் ஓடுகிற நுரையீரலும் அந்தக் கிருமியிடம் எடுபடாது.

அவருடைய பெற்றோருக்கு அணி சார்பில் கடிதம் எழுதியவர் ஹாரி போர்ட்டர், அதே ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றவர். ஜான் டெய்லர் தடகள வீரராகப் பதித்த தடத்தைவிட மனிதராகப் பதித்ததுதான் பெரிது என்று எழுதினார். ஆர்ப்பாட்டம் இல்லாதவர், கனிவானவர், தெரிந்த எல்லாருக்கும் பிடித்தவர் என்றார். அவர் இனத்துக்கு அவர் ஒரு கலங்கரை விளக்கம் என்று சொல்லி, அன்றைய கறுப்பினத் தலைவரும் கல்வியாளருமான புக்கர் டி. வாஷிங்டனோடு சேர்த்து வைத்தார். கடிதத்தின் அன்பில் சந்தேகமில்லை. ஆனாலும் இறந்துபோன தோழனைப் பற்றிப் பேசும்போதுகூட "அவர் இனத்துக்கு" என்ற சொல் வராமல் அந்தக் காலத்தால் இருக்க முடியவில்லை.

அடக்கம் செய்தது பிலடெல்பியாவுக்கு வெளியே காலிங்டேலில் உள்ள ஈடன் கல்லறைத் தோட்டத்தில். அதன் கதையும் சும்மா இல்லை. நகரத்துக்குள் இருந்த கறுப்பின மக்களின் பழைய இடுகாடுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, 1902-ல் அவர்களே வாங்கி உருவாக்கிய நிலம் அது. முதல் அடக்கத்துக்கு உடலைக் கொண்டுவந்தபோது உள்ளூர் வெள்ளையர்கள் வழியை மறித்துக்கொண்டு நின்றார்கள். ஆறு வருடம் கழித்து ஓர் ஒலிம்பிக் வெற்றியாளர் அங்கே வந்து சேர்ந்தார்.

டெய்லர் இறந்து மூன்று வாரத்தில், டிசம்பர் 26 அன்று, சிட்னியில் ஜாக் ஜான்சன் உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டத்தை வென்றார். பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவர். அதற்குப் பின் கறுப்பின விளையாட்டு வீரர் என்றாலே பத்திரிகைகள் ஜான்சனைப் பற்றித்தான் பேசின, பெரும்பாலும் ஆத்திரத்தோடு. அடக்கமானவர், பட்டதாரி, இளவயதில் போய்ச் சேர்ந்தவர் என்ற டெய்லரின் நினைவு அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. இன்னொரு குழப்பமும் உண்டு. அதே காலத்தில் 'மேஜர்' டெய்லர் என்ற கறுப்பின சைக்கிள் பந்தய வீரர் உலகப் புகழோடு இருந்தார். இருவரையும் ஒருவராக்கிவிடுகிற தவறு இணையத்தில் இப்போதும் கண்ணில் படுகிறது.

"முதல்" என்ற பட்டத்தையும் கொஞ்சம் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒலிம்பிக் பதக்கம் வென்ற ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் டெய்லருக்கு முன்பே உண்டு. 1904 செயின்ட் லூயியில் ஜார்ஜ் போயேஜ் தடை ஓட்டங்களில் இரண்டு வெண்கலம் வாங்கினார். 1900 பாரிஸில் தங்கம் வென்ற பிரெஞ்சு ரக்பி அணியில் கான்ஸ்டன்டின் ஹென்ரிகேஸ் என்ற கறுப்பினத்தவர் ஆடினார். ஆகவே டெய்லர் முதல் கறுப்பினத் தங்கம் அல்ல, முதல் ஆப்பிரிக்க அமெரிக்கத் தங்கம். அதுவும் அணித் தங்கம். தனிநபர் போட்டியில் ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கர் தங்கம் வெல்வதற்கு 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாரிஸில் நீளம் தாண்டுதலில் டிஹார்ட் ஹப்பர்ட் வென்றார். நடுவில் 1912 ஸ்டாக்ஹோமில் 100 மீட்டரில் ஹோவர்ட் ட்ரூ வென்றுவிடுவார் என்று பலரும் நம்பினார்கள். அரையிறுதியில் காயம்பட்டு, இறுதியில் ஓடவே முடியவில்லை. ஜெஸ்ஸி ஓவன்ஸ் பெயர் எல்லாருக்கும் தெரியும். ஆனால் 1936-ல் அவர் பெர்லினில் இறங்கும்போது டெய்லர் இறந்து இருபத்தெட்டு வருடம் ஆகப்போகிறது.

லண்டன் சண்டையால் விளைந்த நன்மை விதிகளில் தெரிந்தது. ஒரு நாட்டு விதியில் இன்னொரு நாட்டுக்காரரை ஓடவிட்டுத் தகுதி நீக்கம் செய்தால் என்ன ஆகும் என்று எல்லாரும் பார்த்துவிட்டார்கள். 1912-ல் ஸ்டாக்ஹோமில் சர்வதேசத் தடகளக் கூட்டமைப்பு உருவானதன் பின்னால் இருந்த உந்துதல்களில் இதுவும் ஒன்று. அந்த ஒலிம்பிக்கில் 400 மீட்டர் இறுதி தனித்தனித் தடங்களில் ஓடப்பட்டது. இன்று டிவியில் எட்டு பேர் எட்டுத் தடத்தில் ஓடுவதைப் பார்க்கும்போது, அந்தக் கோடுகளுக்கு முன்னோடி ஒயிட் சிட்டியில் ஒரே ஒருவருக்காகக் கட்டிய கயிறுதான்.

அந்த ஒருவருக்கும் அந்தத் தங்கம் இனிக்கவில்லை. ஹால்ஸ்வெல் சீக்கிரமே ஓட்டத்தை விட்டுவிட்டார். 1915 மார்ச் 31 அன்று பிரான்ஸில், நூவ் ஷாப்பெல் அருகே, மறைந்திருந்து சுட்ட துப்பாக்கிக்காரனின் தோட்டாவுக்குப் பலியானார். ஒயிட் சிட்டி ஸ்டேடியம் 1985-ல் இடிக்கப்பட்டது.

1908 ஒலிம்பிக் 400 மீட்டர் முடிவுப் பட்டியலை இன்று எடுத்துப் பார்த்தால், இறுதியில் டெய்லர் பெயருக்கு நேரே 'ஓடவில்லை' என்று இருக்கும். 49.8 வேறு பக்கத்தில், ரிலேயில், நான்கு பெயர்களில் மூன்றாவதாக.